விடிந்ததும் கேட்ட குரல்

தீபா, ராஜேஷ்,

அம்மாவின் இந்த நினைவு மலரில் எழுத என்னைவிடப் படித்தவர்கள் நம் குடும்பத்தில் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் இருவரும் ஊருக்குத் திரும்பிய பிறகு நம் வீட்டில் நடந்தது எனக்கு மட்டுந்தான் தெரியும். உங்கள் அம்மாவை நான் ஒருநாளும் ‘அவர்’ என்று சொன்னதில்லை. எழுத்தில் அப்படித்தான் மரியாதை என்கிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.

அம்மா திருவேற்காட்டில் பிறந்தார். அவரைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். பத்தாவது முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்தார். பக்கத்துப் பட்டறையில் நான் லேத் ஓட்டினேன். கல்யாணமாகி சேக்காட்டுக்கு வந்தோம். உங்களைப் படிக்க வைத்ததில் பாதிக்கு மேல் அவர் உழைப்பு.

மார்பில் கட்டி என்று தெரிந்து கீமோ ஊசி தொடங்கியபோது, எதிர்வீட்டில் அம்மா தண்ணீர் குடித்த டம்ளரைத் தனியாக வைத்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஒட்ற நோயா இருந்தா என் ஊட்டுக்காரருக்குத்தானே மொதல்ல ஒட்டிகினு இருக்கணும்? அவரு உரல் மாதிரி கீறாரு, பாரு!”

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆவடி லோக்கல் ரயிலில், தலையில் துணி கட்டிய பெண்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். அப்படித்தான் அந்த வாட்ஸ்அப் குழு உண்டானது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்ததால் எல்லாம் குரலில்தான். வாய்ப்புண் வந்தால் எதை ஆறவைத்துச் சாப்பிடலாம், காப்பீட்டு அட்டையோடு எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்றெல்லாம் அம்மா சொல்லி அனுப்புவார். யாராவது கஷாய வைத்தியம் அனுப்பினால் விடமாட்டார். “எனக்கு ஆனது உனக்கு ஆவாது, உனக்கு ஆனது எனக்கு ஆவாது. டாக்டராண்ட கேளு.”

குழுவில் ஒரு வழக்கம். விடிந்ததும் அம்மா, “விடிஞ்சிச்சா?” என்று கேட்பார். ஒவ்வொருவரும் “கீறேன்”, அதாவது இருக்கிறேன், என்று சொல்ல வேண்டும். தொண்டை ஆபரேஷனில் குரல் போன பூந்தமல்லிக்காரர் ஒருவர் கரண்டியால் போனைத் தட்டுவார். யாருடைய பதில் வரவில்லையோ, அவருக்குப் பக்கத்தில் இருக்கிறவர் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

நோய் எலும்புக்குப் போய், படுக்கையிலேயே கிடந்தபோதும் அம்மா கேட்பதை விடவில்லை. கடைசி நாட்களில் அந்தக் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது.

காரியம் முடிந்து நீங்கள் கிளம்பிய மறுநாள், மாலை போட்ட படத்துக்குக் கீழே அம்மாவின் போன் முனகியது. அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்து அழுத்தினேன். ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓடியது. “கீறேன்.” “கீறேன்.” இருமல். “கீறேன்.” பிறகு டொக், டொக்.

கேட்டவர் இல்லை. பதில்கள் மட்டும் வந்தன. தினமும் வந்தன. அம்மா இல்லாத வீட்டில், படத்தைப் பார்த்து யார் யாரோ ஆஜர் சொல்வதுபோல் இருக்கும். ஆனாலும் மறுநாள் விடியலுக்குக் காத்திருப்பேன்.

ஒருநாள் மேனாம்பேட்டுக் கஸ்தூரியின் பதில் வரவில்லை. அவள் கணவர் லாரியோடு வெளியூர் போயிருந்தார். அவளுக்கு அப்போது கீமோ நடந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் யார் பதிலாவது வராவிட்டால் போய்ப் பார்த்துவந்தது அம்மாதான். நான் வண்டியை எடுத்தேன்.

கதவு சாத்தியிருந்தது. தட்டக் கை ஓங்கினேன். உள்ளேயிருந்து அம்மா பேசினார்.

“இன்னாம்மே, ஜொரம் வந்தா மாத்திரை போட்டுகினு பட்த்துகினு கெடக்காத. ஊசி போட்ட ஒடம்பு. ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு.”

குரல் நின்றது. மறுபடி அதே வார்த்தை, அதே மூச்சு. எனக்கு முன்பே அவர் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் அந்தக் கணம் நினைத்தேன். அம்மாவைப் பெயர் சொல்லிக்கூட அழைத்துவிட்டேன். சுவரைப் பிடித்து நடந்துவந்து கதவைத் திறந்தது கஸ்தூரி. உடம்பு அனலாய்க் கொதித்தது. கையில் போன், அதில்தான் அம்மாவின் பழைய குரல்.

“ராவெல்லாம் அக்காவ பேச வுட்டுகினு படுத்துகினு கீறேன் மாமா.”

“அவ சொல்றது காதுல வுழலயா? கெளம்பு!”

“எல்லாம் ஒழுங்கா செஞ்ச அக்காவே போய்ட்டாங்க. எனக்கு இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?”

அம்மாவின் பதில்தான் என் வாயில் வந்தது. “அவளுக்கு ஆனது உனக்கு ஆவாது, கஸ்தூரி. உன் கணக்கு வேற. டாக்டராண்ட கேப்போம். அவ கொரல கேட்டுகினு சாவறதுக்கா அவ இத பேசி வெச்சா?”

அவள் போனை அணைத்தாள். பிறகு செருப்பைத் தேடினாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால், ரத்தத்தில் வெள்ளையணு அடியோடு குறைந்திருந்தது, உடனே சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கு ஊசிகள் முடிந்து, இப்போது முடி வளர்கிறது. இந்த மலரின் தாள்களை மடித்து அடுக்கியதும் அவள்தான்.

அன்று கஸ்தூரியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் பறந்த ஆட்டோ அண்ணாத்தைக்கும், அம்மாவின் காலைப் பிடித்துவிட்ட ரயில் தோழிகளுக்கும், பிறகு தன் டம்ளரிலேயே கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டு அம்மாளுக்கும், டாக்டர்கள் நர்ஸ்களுக்கும் நம் குடும்பம் கைகூப்புகிறது.

கஸ்தூரியைச் சேர்த்துவிட்டு வந்த மறுநாள் வானம் வெளுக்கும்போது, வீட்டில் நான் மட்டும். இன்னும் ஒரு பதிலும் வந்திருக்கவில்லை. படத்துக்குக் கீழிருந்த அம்மாவின் போனை எடுத்து, குழுவைத் திறந்து, வாயருகே வைத்து, “விடிஞ்சிச்சா?” என்று கேட்டேன்.