கோழிக்கடைக் கோமகள்

கத்தியை ஓங்கும் முன் கசில்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தலைமேல் ஏற்றிக்கொள்கிறார். கண் தெரியாமல் எப்படி வெட்டுகிறீர்கள் என்று கேட்டால், "ரத்தம் தெறிச்சா கண்ணாடியைத் துடைக்கிறது யாரு, நீயா?" என்பார். வெட்டு விழுந்ததும் கண்ணாடி மூக்குக்கு இறங்கும். அடுத்த கோழிக்கு மறுபடி ஏறும். நடுவில் கிடைக்கிற நேரத்தில் கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். எழுபத்தாறு வயதுக் கிழவியின் கால்களுக்கு என்ன அவசரமோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மாட்ரிட்டில் வயேக்காஸ் சந்தைக்குள் நுழைந்தால் மீன்கடையை அடுத்தது அவர் கடை. கடை மகன் பேருக்கு மாறிப் பல வருஷமாகிறது, கத்தி மட்டும் மாறவில்லை. உட்காரட்டும் என்று மகன் ஒரு முக்காலி வாங்கிப் போட்டான். அதன்மேல் இப்போது முட்டை அட்டைகள் அடுக்கியிருக்கின்றன. காப்பியை நின்றபடி குடிப்பார், அதையும் பாதியில் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவார். ஒரே மூச்சில் மூன்று பேருக்குப் பதில் சொல்வார், நாலாவது ஆளைத் திட்டுவார். "உனக்கு சூப்புக்கா, வறுவலுக்கா? சூப்புன்னா கிழட்டுக் கோழியா வாங்கு, என்னை மாதிரி. இளசெல்லாம் ஒரு கொதியிலயே கரைஞ்சு காணாமப் போயிடும்."

அந்த வரிசையில் சில நாள் கோழி வாங்க வராத ஆட்களும் நிற்பார்கள். கறுப்புச் சட்டை, தோள்பை, முன்வழுக்கை. பெரும்பாலும் ஜெர்மானியர்கள், இல்லாவிட்டால் பெல்ஜியத்துக்காரர்கள். முறை வந்ததும் பையிலிருந்து ஒரு பழைய வீடியோ கேசட்டைப் பயபக்தியோடு வெளியே எடுப்பார்கள். அட்டையில் தோள் தெரிய ஓர் இளம்பெண், ஒரு கையில் மெழுகுவர்த்தி, மறு கையில் சாப்பாட்டு மேசைக் கத்தி. படத்தின் பேர் 'கோமகளின் கடைசி விருந்து'. நடித்தவர் பேர் வெரா லோர்மன் என்று போட்டிருக்கும். அந்த வெரா லோர்மன்தான் கசில்தா. கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டே கறாராகச் சொல்வார்: "அரைக் கிலோ நெஞ்சுக்கறி வாங்கினாத்தான் கையெழுத்து. ஹோட்டல்ல தங்கியிருக்கியா? அது உன் பாடு." ஒருவன் முழுக் கோழியை விமானத்தில் ஊருக்கே கொண்டுபோனான் என்கிறார். நான் நம்பவில்லை.

படத்தின் கதை சின்னதுதான். சொத்துக்காகக் கோமகளை அவள் புருஷனும் அவன் கூட்டாளிகளும் விருந்தில் விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். கல்லறையிலிருந்து எழுந்து வரும் கோமகள் ஒவ்வொருத்தன் படுக்கையறைக்கும் போகிறாள். ஒவ்வொருத்தனும் தன் அதிர்ஷ்டம்தான் கதவைத் தட்டுகிறது என்று நினைக்கிறான். விடிவதற்குள் அவன் கணக்கு தீர்ந்துவிடும். கடைசியாகப் புருஷன். படுக்கை, பயம், பழி மூன்றையும் ஒரே தட்டில் பரிமாறுகிற இந்த மாதிரிப் படங்கள் அந்தக் காலத்தில் வண்டி வண்டியாக எடுக்கப்பட்டன. அவற்றைத் தேடிப் பிடித்து, கீறல் துடைத்து, டிஸ்க்கில் போட்டு விற்கிற ஒரு சின்ன நிறுவனத்தில்தான் எனக்கு வேலை. முதலாளி ஃபெர்மின். இதெல்லாம் படமா என்று கேட்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதை விட்டுவிட்டேன்.

எங்கள் நாட்டை ஆண்ட சர்வாதிகாரி உயிரோடிருந்த காலம் அது. திரையில் முழங்கால் தெரிந்தாலே சென்சாருக்கு வேர்த்துவிடும். அதற்காக வியாபாரம் நிற்குமா? எப்படிச் சமாளித்தார்கள் என்பதைக் கசில்தா கோழியின் தோலை உரித்தபடியே எனக்குச் சொன்னார். "காலையில உடுத்திக்கிட்டு ஒரு தடவை நடிப்போம், அது நம்ம ஊருக்கு. மத்தியானம் சாப்பிட்டுட்டு அதையே அவுத்துப் போட்டு ஒரு தடவை, அது வெளிநாட்டுக்கு. சென்சார்காரனுக்கு ஒரு கோமகள், ஜெர்மன்காரனுக்கு ஒரு கோமகள். பசி மட்டும் ஒருத்திக்குத்தான்."

இப்படி இரண்டிரண்டாக எடுத்ததில் ஒரு கோளாறு நடந்தது. வெளிநாட்டுப் பிரதியை வெட்டி ஒட்டிய எடிட்டர், கடைசிக் கொலையில் காலையில் உடுத்தி எடுத்த ஃபிலிம் துண்டு ஒன்றை மறதியாகச் சேர்த்துவிட்டார். ஆகவே உடம்பில் ஒரு நூல்கூட இல்லாமல் புருஷன் கட்டிலை நெருங்கும் கோமகள், அடுத்த ஷாட்டில் கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளி அங்கியில் நிற்கிறாள். அதற்கடுத்த ஷாட்டில் அங்கியைக் காணோம். ரசிகர்கள் இதற்கு அதிசய அங்கி என்று பேர் வைத்திருக்கிறார்கள். கேசட் காலத்தில் அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்ததால் பல கேசட்டுகளில் அங்கே கோடு விழுந்திருக்கும். கடற்கரை ஊரில் நடக்கிற திகில் பட விழாவுக்குக் குளியல் அங்கி மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். திரையில் அங்கி வந்ததும் ஒரு மடக்கு பீர், அது அவர்கள் சம்பிரதாயம்.

நம் ஊருக்காக எடுத்த உடுத்திய பிரதி இப்போது இல்லை. கிடங்கைக் காலி செய்தபோது குப்பையோடு போய்விட்டது. உடுத்திய கோமகளில் உலகத்தில் மிஞ்சியிருப்பது, எடிட்டர் தப்பாக ஒட்டிய அந்த ஒரு துண்டுதான்.

போன மாதம் ப்ரஸ்ஸல்ஸ் ஃபிலிம் லேப் ஒன்றிலிருந்து எங்களுக்குத் தகர டப்பாக்கள் வந்தன. அவற்றில் ஒன்றில், அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய சரியான துண்டு, மத்தியானத் துண்டு, சுத்தமாகச் சுருண்டு கிடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃபெர்மின் அன்றைக்கே 'முதன்முறையாகப் பிழை நீக்கப்பட்ட பதிப்பு' என்று விளம்பரம் போட்டார். நான் கசில்தாவுக்குப் போன் செய்து, உங்கள் படத்தில் இருந்த மானக்கேடு தீர்ந்தது என்றேன். அந்தப் பக்கம் கத்தி மரத்தில் விழுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் சந்தை மேலங்கியும் ரப்பர் பூட்ஸுமாக மெட்ரோ பிடித்து எங்கள் அலுவலகத்தில் வந்து நின்றார். நின்றார் என்பதுகூடத் தப்பு, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"ஏண்டி கண்ணு, என்னத்தை எடுக்கப் போறீங்க?"

"அங்கி வர்ற துண்டை எடுத்துட்டு, சரியான துண்டை வைக்கப் போறோம்மா. இனிமே யாரும் சிரிக்க மாட்டாங்க."

"யாரும் சிரிக்கக் கூடாதுன்னு நான் எப்ப உங்கிட்ட சொன்னேன்?"

ஃபெர்மின் தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். சின்ன வயதிலிருந்தே இந்தப் படத்தின்மேல் பைத்தியமாக இருக்கிற மனுஷன். கசில்தாவுக்கு எதிரே மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

"அம்மா, விளம்பரம் போட்டாச்சு. வாங்கறவங்க குறையில்லாத படம் கேக்கறாங்க. இது எடிட்டர் பண்ண தப்புன்னு ஊருக்கே தெரியும்."

"அந்தாளு அந்தப் படத்துல பண்ண ஒரே நல்ல காரியம் அதாம்ப்பா."

"அம்பது வருஷமா அதைப் பாத்துக் கேலி பண்றாங்கம்மா."

"பண்ணட்டும். கேலி பண்றதுக்காவது அந்த இடத்துல நிறுத்திப் பாக்கறாங்கல்ல? மத்த இடத்துல நிறுத்தி எதைப் பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

ஃபெர்மினின் காது சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கசில்தா மேசையைச் சுற்றி வந்து, வழியிலிருந்த ஸ்டேப்லரைத் திறந்து மூடி, பூந்தொட்டியை அரை வட்டம் திருப்பி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"பிப்ரவரி மாசம். செகோவியா பக்கத்துல ஒரு கோட்டை, சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. காலையில அங்கியோட எடுத்தாங்க. விஷம் வெச்சுக் கொன்ன புருஷன் என் முன்னால தூங்கறான். குனிஞ்சு குத்தணும், டைரக்டர் சொன்னது அவ்வளவுதான். குனிஞ்சேன். பாத்தா அவன் போர்வை நழுவிக் கிடக்கு. இழுத்துப் போத்திவிட்டேன். யாரும் சொல்லித் தரல. பொண்டாட்டியா இருந்தவ கை, அது பாட்டுக்குப் போச்சு. போத்திவிட்ட அப்புறந்தான் கத்தியை எடுத்தேன். அதுவரைக்கும் ஆடு மேய்க்கிற மாதிரி எங்களைப் பாத்துக் கத்திக்கிட்டிருந்த டைரக்டர் அன்னிக்கு வாயைத் தொறக்கல. லைட்டுக்காரன் ஒருத்தன் அழுதான்."

"மத்தியானம்?" என்றேன் நான்.

"மத்தியானம் அதையே திருப்பிச் செய்யின்னாங்க. பல்லு தந்தியடிக்குது. போர்வையைப் பாத்தா, இவனை உருட்டிவிட்டுட்டு நான் போத்திக்கலாமான்னு இருந்துச்சு. எப்படியோ செஞ்சேன். அதைத்தான் நீங்க சரியான துண்டுங்கறீங்க."

ஃபெர்மின் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கசில்தா விடவில்லை.

"கேளுப்பா. என் குரல் கட்டைக் குரல்னு எவளோ ஒருத்தியை வெச்சு டப்பிங் பண்ணாங்க. பேரு தயாரிப்பாளர் வெச்சது. உடம்பை இந்த உலகமே பாத்தாச்சு, போகட்டும், அதுல எனக்கு வெக்கமும் இல்ல வருத்தமும் இல்ல. அந்தத் துண்டுல இருக்கற மூஞ்சி ஒண்ணுதான் என்னோடது. மூணு படத்துல நடிச்சேன், ஒரே ஒரு தடவை நெஜமா நடிச்சேன். அதையும் திருத்தறேங்கற நீ."

சொல்லும்போது குரல் உடையவில்லை. கோழி விலை சொல்கிற அதே குரல்தான். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபெர்மின் நல்லவர், ஆனால் பிடிவாதக்காரர். "எனக்குப் புரியுதும்மா. ஆனா பாக்கறவன் கண்ணு நேரா அங்கிக்குத்தானே போகுது? முன்னால இல்லாதது திடீர்னு வந்து நிக்குதே. உங்க மூஞ்சியை எவன் பாக்கறான்?"

கசில்தா நடப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு துண்டும் உங்கிட்ட இருக்கா? பக்கத்துல பக்கத்துல போட முடியுமா?"

போட்டேன். திரையின் இடப்பாதியில் மத்தியானக் கோமகள், வலப்பாதியில் காலைக் கோமகள். இரண்டு பேரும் கட்டிலுக்குப் பக்கத்தில் உறைந்து நின்றார்கள். கசில்தா கண்ணாடியை மூக்கோடு அழுத்திப் பிடித்து ஒரு முறை பார்த்தார். அப்புறம் மேசைக்குப் பின்னால் போய், மானிட்டரை முதுகுப்புறமாகக் கட்டிப்பிடித்தார். இரண்டு பக்கத்திலிருந்தும் கைகள் சுற்றி வந்து திரையைத் தடவின.

"கழுத்துக்குக் கீழ வந்திருக்கா?"

"இன்னும் கொஞ்சம் கீழம்மா. ம், அங்கதான்."

வெட்டுக்காயத் தழும்புகள் ஓடிய இரண்டு கைகளும் இரண்டு உடம்புகளையும் மூடிவிட்டன. அங்கியும் தெரியவில்லை, அங்கி இல்லாததும் தெரியவில்லை. ஒரே பெண்ணின் இரண்டு முகங்கள் மிஞ்சின. மானிட்டருக்கு மேலே கசில்தாவின் நரைத்த தலை, எங்களை நேருக்கு நேர் பார்த்தபடி.

"ஃபெர்மின், இப்ப மூஞ்சியைப் பாரு. நீ ஓட்டுடி."

ஓட்டினேன். இடது முகம் தாடை நடுங்க, ஷாட்டுக்கு வெளியே யாரையோ தேடியது. கம்பளியோடு காத்திருக்கும் ஆளையாக இருக்கும். வலது முகம் யாரையும் தேடவில்லை. கீழே தூங்குகிறவனைப் பார்த்தது. பல வருஷம் பக்கத்தில் படுத்தவள் பார்க்கிற பார்வை அது, கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் பாசம்கூட. போர்வையை இழுத்துவிடுகிற நேரத்தில் உதட்டோரம் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் மூடிக்கொண்டது. அதற்கப்புறம் அந்தக் கண்களில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. இந்தத் துண்டை நான் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அங்கியைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இப்போது நாற்காலியைத் திரைக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டேன்.

"மறுபடி ஓட்டு," என்றார் ஃபெர்மின். ஓட்டினேன். அது முடிவதற்குள்ளேயே என் தோளைத் தொட்டு, "எடுக்காதே. அது அப்படியே இருக்கட்டும், விளம்பரத்தை நான் மாத்திக்கறேன்," என்றார்.

மானிட்டருக்குப் பின்னால் நின்ற கசில்தாவுக்கு அது கேட்டதோ இல்லையோ, எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை அவருக்குத் தெரிய வழியே இல்லை. திரையின் இடப்பக்கக் கை வைத்த இடத்திலேயே நின்றுவிட்டிருந்தது. மத்தியானக் கோமகள் எப்போதோ அதை விட்டு நழுவி வெளியே வந்து, குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தாள். வலப்பக்கக் கை நிற்கவில்லை. கோமகள் குனிந்தபோது அது சாய்ந்தது, அவள் போர்வைக்குக் கை நீட்டியபோது விரல்களை விரித்து அந்தப் பக்கம் நகர்ந்தது, அவள் ஒரு கணம் தயங்கியபோது தானும் தயங்கி, அவளோடு சேர்ந்து மெல்ல நிமிர்ந்தது. அங்கியின் ஓரம்கூட அந்தக் கைக்கு வெளியே தெரியவில்லை.