கிம் கூட்டத்து மாப்பிள்ளை

அந்தக் காங்கேயத்துக் கல்யாணத் தரகரை வீட்டுக்கு வரவழைத்ததே நான்தான். கூட வேலை பார்க்கும் கொரியாக்காரப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று என் மகள் ஒற்றைக் காலில் நின்றாள். தரகர் ஏதாவது குற்றம் கண்டுபிடித்துத் தடுத்துவிடுவார் என்று நம்பினேன்.

வெள்ளை வேட்டி, காதில் செருகிய பேனா, கையில் நீள நோட்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் கூட்டம் என்கிற குலப்பிரிவு, கோயில், முன்னோர் பெயர் எல்லாம் நோட்டில் ஏறிய பிறகுதான் காப்பியைத் தொடுவார். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, கல்யாணம் கிடையாது.

போனில் பையன் முகம் தெரிந்ததும் ஆரம்பித்தார்.

“ஏனுங் தம்பி, நீங்க என்ன கூட்டமுங்க?”

மகள் மொழிபெயர்த்தாள். பையன் தயங்கவே இல்லை. கிம்ஹே ஊர்க் கிம் கூட்டமாம். மூதாதை, பொன் முட்டையிலிருந்து வந்த ராஜாவாம். ராணி கப்பலில் வந்தவளாம். மகன்களில் இரண்டு பேர் அவளுடைய ‘ஹோ’ என்ற குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார்களாம். அதனால் ஹோ கூட்டத்தில் பெண் எடுக்கும் வழக்கமில்லையாம்.

முட்டை என்றதும் நான் சிரித்துவிட்டேன். தரகர் சிரிக்கவில்லை.

“பங்காளி மொற தெரிஞ்ச சனமுங்க” என்று எழுதிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். “உங்க தாத்தாவோட அப்பாரு பேரு என்னங்க?”

எனக்குத் தெரியவில்லை.

நோட்டை மூடினார். “மாப்பள ஊட்டுல ஒரு கொறையுமில்லீங்க. பொண்ணு ஊட்டத்தான் இன்னுங் கொஞ்சம் விசாரிக்கோணும்.”

காப்பியைத் தொடாமலே போய்விட்டார்.