நேற்று ஓடிய கம்ப்யூட்டர்

எங்கள் தெருவின் முதல் கம்ப்யூட்டரை நான்தான் செய்தேன். வாங்கினேன் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். மதுரையில் ஆறு கடை ஏறி இறங்கி, மதர்போர்டு ஓரிடம், பிராசசர் ஓரிடம், கேபினட் ஓரிடம் என்று பொறுக்கியெடுத்து, கோவில்பட்டி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி என் கையால் பூட்டிய பெட்டி அது. அதற்கு முன்னால் ஆறு மாதம் ஹார்டுவேர் படித்திருந்தேன். வகுப்பில் எல்லாரும் பையன்கள், நான் ஒருத்திதான் பெண். என் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்க அவர்களுக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அந்தப் பெட்டி ஓடினால்தான் எனக்குப் பிழைப்பு. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். தீக்குச்சிக்கு மருந்து முக்கிப் பெட்டியில் அடைக்கிற இடத்தை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவருக்கு மூன்று கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. மதுரைக் கம்பெனிக்காரன் ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்து பேசிவிட்டுப் போயிருந்தான். எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்று நான் மல்லுக்கு நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை வாரேன். உன் பெட்டி என் கண்ணு முன்னால ஓடட்டும். ஓடுனா மூணும் உனக்கு. ஓடலைன்னா மதுரைக்காரனுக்கு. நீ பேசாம நம்ம ஆபீஸ்ல வந்து டைப் அடி" என்றார் பெரியப்பா.

மூன்றும் கிடைத்தால் வீட்டு முன்னறையில் போர்டு மாட்டிக் கடை போட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் பெரியப்பாவின் மேனேஜருக்குக் கீழே உட்கார்ந்து, அவர் பொடி போட்டுத் தும்முவதைக் கேட்டுக்கொண்டே கடிதம் அடிக்க வேண்டும். அதற்குக் கிணற்றில் குதிக்கலாம், ஆனால் எங்கள் ஊர்க் கிணறுகளில் குதிக்கிற அளவுக்குத் தண்ணீர் இருந்ததில்லை.

அப்பாவுக்கு உரக்கடை. விளாத்திகுளம், புதூர்ப் பக்கத்து விவசாயிகள், எங்கள் பேச்சில் சம்சாரிகள், விதைக்கும் பூச்சிமருந்துக்கும் வருவார்கள். சரக்கோடு அப்பாவின் பிரசங்கமும் இலவசமாகக் கிடைக்கும். "பஞ்சாங்கத்தப் பாத்து விதைக்காதீரும்வே. மண்ணுல கைய விட்டு ஈரத்தப் பாத்து விதையும்" என்பார். கோயில் வாசலைக் கடக்கும்போது செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார். ஜோசியரைக் கண்டால் "எனக்கு எப்ப சாவுன்னு சொல்லும், கடைய அதுக்கு முன்னாடி பூட்டணும்" என்று வம்புக்கு இழுப்பார். எனக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த தரகரிடம், ராகுகாலத்தில் வந்தால்தான் பேசுவேன் என்று சொல்லி அனுப்பியவர். ஊரில் சாமி இல்லை என்று சொல்கிறவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் வந்ததும் அவர்களில் பாதிப் பேர் மொட்டை போட்டுவிட்டார்கள். அப்பா மட்டும் நாற்பது வருஷமாக அசையவில்லை. அந்தப் பெயரில் அவருக்கு அத்தனை பெருமை.

அம்மா அதற்கும் சேர்த்துக் கும்பிடுகிறவள். கேபினட்டை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த அரை நிமிஷத்தில் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறிவிட்டன. கம்ப்யூட்டருக்கு நெற்றி எது என்று நான் கேட்டதற்கு, "பொத்தான் இருக்குத இடந்தான்" என்று கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பூட்டி முடித்தேன். பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது, பீப் என்று ஒரு சின்னச் சத்தம், திரையில் வெள்ளை எழுத்துகள். நான் அழவில்லை என்று பிற்பாடு பலரிடமும் பொய் சொல்லியிருக்கிறேன். அப்பா கைகட்டி நின்று பார்த்துவிட்டு, "நாளைக்கும் இப்படியே ஓடுமாட்டி?" என்று கேட்டார். "ஓடாம பின்ன?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கடம்பூர் போளிப் பொட்டலத்தோடு பெரியப்பா வந்து சேர்ந்தார். நான் பொத்தானை அமுக்கினேன். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. பீப் சத்தம் இல்லை. திரை எங்கள் கரிசல் காடு மாதிரிக் கறுப்பாக இருந்தது. மறுபடி அமுக்கினேன். மறுபடி அரைச் சுற்று.

"நேத்து ஓடுச்சு பெரியப்பா."

"நேத்து ஓடுனது எனக்கு எதுக்கு? நேத்து பத்துன குச்சி இன்னைக்குப் பத்தலைன்னா பெட்டி வாங்குனவன் என்னய சும்மா விடுவானா?" பெரியப்பா இரண்டாவது போளியை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "நாலு மணிக்கு வாரேன். அதுவரைக்கும் பாரு. இல்லைன்னா மதுரைக்குப் போன் போட்டுருவேன்." அப்பாவோ, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கடையில் வேலை இருக்கிறது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மகள் மானம் போகிற நேரத்தில் உரமூட்டையைப் பார்க்கப் போகிறாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.

கதவைச் சாத்திவிட்டுத் தொடங்கினேன். முதலில் ராம் என்கிற மெமரிப் பட்டை. அதைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினேன். அரைச் சுற்று. கூடுதலாகச் சொருகியிருந்த அட்டைகளையெல்லாம் பிடுங்கினேன். அரைச் சுற்று. ஹார்டு டிஸ்க் வயரை எடுத்தேன். அரைச் சுற்றுதான். பவர் சப்ளையைத் தனியாகக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் அம்மாவின் கொண்டை ஊசியால் சேர்த்துப் பார்த்தேன். விசிறி ஜம்மென்று சுற்றியது. ஆக அதில் பழுதில்லை. போர்டோடு சேர்த்தால் மட்டும் அரைச் சுற்றில் நிற்கிறது என்றால், உள்ளே எங்கேயோ சேரக் கூடாதது சேர்கிறது. கரண்டு தப்பான வழியில் பாய்கிறது, பவர் சப்ளை பயந்துபோய்த் தன்னையே அணைத்துக்கொள்கிறது.

எனக்கு அம்மாவின் குங்குமம் ஞாபகம் வந்தது.

"உள்ள கொட்டுனியாம்மா? உண்மையச் சொல்லு."

"வெளியதாம்ட்டி வச்சேன். உள்ள நான் கையே விடல."

"பொய் சொல்லாத. உன் பக்தி என் பொழப்புல மண்ணப் போட்டிருச்சு!" என்று கத்தினேன். தெருவில் போன தயிர்க்காரி நின்று கேட்டுவிட்டுப் போகிற அளவுக்குக் கத்தினேன். அம்மா அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு விளக்கினாள். நான் பிரஷ்ஷால் கேபினட் முழுக்கத் துடைத்தேன். ஒரு பொட்டுக் குங்குமம்கூட உள்ளே இல்லை.

மிச்சமிருந்தது ஒரே வழிதான். மதர்போர்டைப் பிடித்திருந்த ஒன்பது ஸ்க்ரூவையும் கழற்றி, போர்டை வெளியே எடுத்து, அட்டைமேல் வைத்து ஓட்டிப் பார்ப்பது. எட்டு ஸ்க்ரூ சுலபமாக வந்தன. ஒன்பதாவதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. போர்டைத் தூக்கியதும் அதற்கும் இரும்புத் தட்டுக்கும் நடுவில் இருந்து ஒன்று நழுவி மேசைமேல் விழுந்தது. இரண்டு விரல் அகலத்தில் ஒரு செப்புத் தகடு. கட்டம் போட்டு, கட்டத்துக்குள் எண்கள் போட்டு, ஓரத்தில் மஞ்சள் தடவிய தகடு. கடை வாசலிலும் கல்லாப்பெட்டிக்கு அடியிலும் வைக்க மந்திரித்து எழுதித் தருவார்களே, அது.

நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"சத்தியமா நான் வைக்கலட்டி. நான் வச்சா ஒளிச்சா வைப்பேன்? மாலை போட்டுல்லா வைப்பேன்" என்றாள். அது நியாயமாகத்தான் பட்டது. பிறகு தகட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவள், நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். "இதுல உன் பேரு போட்டிருக்கு. நட்சத்திரம் மூலம்னு போட்டிருக்கு."

"என் நட்சத்திரம் உத்திராடம்லா?"

"அது தரகருக்குச் சொல்லுதது. மூலம்னு சொன்னா எவன் பொண்ணு எடுப்பான்? நீ பொறந்தது மூலம். அது எனக்குத் தெரியும்." அம்மா ஒரு மூச்சு விட்டாள். "உங்க அப்பாவுக்குத் தெரியும். வேற ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது அம்மாதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நாற்பது வருஷமாகச் செருப்பைக் கழற்றாத மனுஷன், எந்தச் சந்தில் யாருடைய வீட்டுப் படியேறி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இதை எழுதி வாங்கினாரோ! ராத்திரி நாங்கள் தூங்கின பிறகு டார்ச் அடித்து, போர்டுக்கு அடியில் இடுக்குப் பார்த்துத் தள்ளியிருக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டது போதும், பெட்டியப் பூட்டு. மணி மூணு" என்றாள்.

பூட்டினேன். ஓடியது. பீப்.

நாலு மணிக்குப் பெரியப்பா வந்தார். அவருக்குப் பின்னால் அப்பா வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரை வெளிச்சமாக இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே அவர் கண் என்னிடம் வந்து, மேசைக்குப் போய், திரும்ப என்னிடம் வந்தது.

"பரவால்லயே. என்ன கோளாறு?" என்றார் பெரியப்பா.

தகடு அம்மாவின் இடுப்பில் சொருகியிருந்தது. அதை எடுத்துக் காட்டினால் நான் ஜெயித்துவிடுவேன். ஆனால் சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்க அப்பா நாறிவிடுவார்.

"ஒரு ஸ்க்ரூ உள்ள விழுந்து கிடந்துச்சு பெரியப்பா. என் கவனக்குறைவுதான்" என்றேன். தப்பு என்மேல் இல்லாதபோது தப்பு என்னுடையது என்று நான் சொன்னது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான். நாக்கு கசந்தது.

பெரியப்பா முகம் மாறியது. "கவனக்குறைவா?" என்று மெதுவாகக் கேட்டார். "தாயீ, நம்மது தீப்பெட்டி ஆபீஸ். அங்க திருட்டக்கூட மன்னிச்சிருவேன். கவனக்குறைவ மன்னிச்சா இருவது பொம்பளைப்பிள்ளைக வெந்து போவும். நீ பெட்டி ஓட்டிட்ட, சந்தோசம். ஆனா மூணு பெட்டியையும் என் ஆபீஸுக்குள்ள..." என்று சொல்லிக்கொண்டே செல்போனைப் பையிலிருந்து எடுத்தார்.

"ஸ்க்ரூ இல்ல அண்ணாச்சி" என்றது வாசல். "தகடு. மந்திரிச்ச தகடு. நாந்தான் வச்சேன்."

பெரியப்பாவுக்கு முதலில் புரியவில்லை. அம்மா இடுப்பிலிருந்து தகட்டை எடுத்து மேசையில் வைத்தாள். பெரியப்பா அதைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், பிறகு அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "ஏலே, நீயா? நீயாலே?" என்று தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்பா நிலையை விட்டு நகராமல் அத்தனையையும் நின்று வாங்கிக்கொண்டார். "பிள்ளை மேல தப்பில்ல. அவ வேலையில ஒரு கொறையும் இல்ல" என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

மூன்று கம்ப்யூட்டரும் எனக்குத்தான் வந்தன. அடுத்த வாரமே, புதூரில் இருந்து விதை வாங்க வந்த ஒருவர் அப்பாவிடம், "அண்ணாச்சி, பருத்திக்கு ஈரம் பாக்கவா, தகடு வைக்கவா?" என்று கேட்டாராம். சாகும்வரை அவரை விடவில்லை அந்தக் கேலி. அதன் பிறகு அவர் கடையில் பிரசங்கம் செய்யவே இல்லை.

அன்று பெரியப்பா போன பிறகு நான் அப்பாவிடம் சண்டைக்குத்தான் போனேன். செம்பு கரண்டைக் கடத்தும் என்று எட்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது என்று வாய்வரை வந்துவிட்டது. "என் மேல நம்பிக்கை இல்லையாப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

"நம்பிக்கை இல்லாம என்னட்டி" என்றார், என்னைப் பார்க்காமல். "நீ எல்லாத்தையும் பூட்டிட்ட. அதுல நான் செய்யுததுக்கு ஒண்ணுமே இல்ல."