மயில்கழுத்துக்கு இரண்டு பக்கம்

பால் வாங்கப் போன அப்பா வெறும் தூக்கோடு திரும்பி வந்தார். ஸ்கேன் சென்டர் காவலாளி கடையில் சொன்னாராம்: இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கும் மல்லிகா அக்கா காலமாகிவிட்டார். "ஹார்ட்டா?" என்று அம்மா கேட்டாள். "இல்ல, கிட்னி" என்றார் அப்பா. இதயமாக இருக்காது என்று எனக்கு முன்பே தெரியும். "என் ஹார்ட்ட நானே பாத்துட்டேன்மா, கல்லு மாதிரி இருக்குது" என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் முன்னால் ஒருக்களித்துப் படுத்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்திருந்து இதமான சூட்டில் தடவுவார். பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பவர்களிடம், "விடுங்க, விடுங்க, நான் எடுத்து வெச்சுக்க மாட்டேன்" என்பார்.

என் அப்பா பட்டு நெசவாளர். இதயத்திலிருந்து பெருந்தமனிக்கு ரத்தம் போகும் வாசலில் மூன்று இதழ்கள் கொண்ட வால்வு இருக்க வேண்டும். அப்பாவுக்குப் பிறவியிலேயே இரண்டுதான். ஒவ்வொரு ஆண்டும் எக்கோ எடுப்போம். "லேசான சுருக்கம்" என்று எழுதி வரும். ஆனால் சென்ற ஆண்டு தறி மிதிக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. அடுத்த அறையில் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு அது கேட்கும்.

அந்த முறை நானும் உடன் போனேன். திரையில் சிவப்பும் நீலமும் மாறி மாறி ஓடின. அப்பா அதைப் பார்த்ததும் எழுந்து சட்டையைத் தேடினார்.

"போதும்மா. பாதி ரத்தம் நீலமா ஓடிக்கினு இருக்குது. எல்லாம் கெட்டுப்போச்சு. இனிமே எதுக்கு வைத்தியம்?"

அன்று மாலை வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்ததால், அக்கா வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே பட்டு உடுத்தியிருந்தார். கொசுவத்தை லேசாக அசைத்துக் காட்டினார்.

"அண்ணே, இது என்ன நிறம்?"

"மயில்கழுத்து."

"நீலமா, பச்சையா?"

"இது என்னாமா கேள்வி? நீட்டுல ஓடுற பாவு ஒரு நிறம், குறுக்கால ஓடுற ஊடை ஒரு நிறம். நிக்கிற பக்கத்தப் பொறுத்துத் தெரியும்."

"இதுவும் அப்படித்தான். என் கருவியப் பாத்து வந்தா சிவப்பு, விலகிப் போனா நீலம். ரெண்டும் ஒரே ரத்தம். தறிக்காரரு நீங்களே நிறத்துல ஏமாந்தா எப்படி?"

அப்பா சிரித்துவிட்டார். சட்டையை வைத்துவிட்டுத் திரும்பப் படுத்தார்.

வழக்கமான படங்கள் முடிந்தன. இந்த முறையும் லேசான சுருக்கம் என்றே கணக்கு வந்தது. அக்கா அப்பாவின் மூச்சைக் கொஞ்ச நேரம் கவனித்தார். "இன்னொரு பக்கமும் பாத்துடலாம்" என்று சொல்லி, வலப்பக்கமாகத் திரும்பிப் படுக்கச் செய்தார்.

வெளியே காத்திருந்த ஒருவர் கதவைத் தட்டினார். "எவ்ளோ நேரம்மா? பஸ்ஸு போயிடும்."

"அடுத்த பஸ்ஸு வரும்பா. இவருக்கு வேற நெஞ்சு கெடையாது."

அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது, வால்வைத் தாண்டியதும் நிறங்கள் பொட்டுப் பொட்டாகச் சிதறின. வேகத்தின் எண் விறுவிறுவென்று ஏறியது. ஓட்டம் நேர் எதிரே வந்தால்தான் அந்தக் கருவி முழு வேகத்தையும் காட்டும், சாய்வாகப் பார்த்தால் வேகமானதும் மெதுவாகத் தெரியும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று, "என்னக்கா?" என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. "நான் படம் எடுக்கிறவ. அர்த்தம் சொல்றது டாக்டரு" என்றார். ஆனால் அந்தப் படத்தை அவரே கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் நடந்தார்.

சென்னையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அப்பாவின் ரத்தம் முறுக்கேறிய பட்டிழை போலச் சுழன்று, பெருந்தமனியின் ஒரு பக்கச் சுவரில் போய் மோதியது அதில் தெரிந்தது. மோதிய இடம் வீங்கியிருந்தது. வால்வையும் அந்தப் பகுதியையும் மாற்றி அறுவை செய்தார்கள். ஊர் திரும்பியதும் அப்பா அக்காவிடம் போய், போனில் அந்த எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டினார். அக்கா வெகுநேரம் பார்த்தார். "நான் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். இவங்க வீட்டுக்குள்ளயே போயி பாத்திருக்காங்க" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்.

இறந்த செய்தி கேட்டு நாங்கள் மூவரும் ஏனாத்தூரில் அக்கா வீட்டுக்குப் போனபோது, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை உடல்மேல் யார் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை.

"நான் போடுறேன். என்னை அண்ணேன்னு கூப்புடும்" என்றார் அப்பா.

"அது ஊருல எல்லாரையும் அண்ணேன்னுதான்யா கூப்புடும்" என்றார் ஒரு பெரியவர்.

"கூப்புடும். திரும்பிப் படுக்கச் சொன்னது என்னைத்தான்."

பெரியவர் நகர்ந்து வழிவிட்டார். அம்மா, தனக்கென்று அப்பா நெய்து தந்த சேலையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மயில்கழுத்து. அப்பா அதை அக்காமேல் போர்த்திவிட்டு நின்று பார்த்தார். பிறகு சுற்றி வந்து அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தார். நானும் கூடவே போனேன். இங்கிருந்து நீலம், அங்கிருந்து பச்சை.

அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது, "இன்னொரு பக்கமும் பாத்துடலாம்" என்ற அந்த ஒரு வாக்கியம்தான். இதை எழுதும்போது அடுத்த அறையில் அப்பா நெய்துகொண்டிருக்கிறார். தறிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.