ஓலைக்கு அடியில் போய்வந்த கத்தி

பச்சைப் பனையோலை வாசனை... அதோடு கலந்த இரும்பு வாடை, ஆட்டு வாடை. நான் பெரியவளானபோது உட்கார்ந்திருந்த குச்சுக்குள் அடித்த வாசனை அது. என் தலைமாட்டில் ஐயாவின் கத்தி கிடந்தது.

எங்கள் ஊர் பசுவந்தனைப் பக்கம். ஆடு மேய்க்கிற குடும்பம். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். நான் எட்டாவது படித்த வருஷம், ஐப்பசி மழை நாளில் இது நடந்தது. தாய்மாமா ஓலை கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் குச்சு கட்டினார். சடங்கு முடிகிறவரை சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்தான். ஆம்பளைகள் யாரும் முகம் பார்க்கக் கூடாது... பெத்த தகப்பன்கூட.

காத்து கருப்பு அண்டாமலிருக்கப் பக்கத்தில் ஒரு இரும்பு வேண்டும் அல்லவா? அம்மா அங்குமிங்கும் தேடிப் பார்த்துவிட்டு, ஐயா இடுப்பில் இருந்த கத்தியையே வாங்கிவந்து வைத்துவிட்டாள். ஐயா உறையோடு கழற்றிக் கொடுத்துவிட்டார். அவர் யாரிடமுமே அதிகம் பேசாத மனுஷர்.

சின்னக் கத்திதான், ஒரு சாண்கூட இருக்காது. லாரியின் வில்பட்டை இரும்பில் அடித்த அலகு, கருவேலங்கட்டையில் பிடி, பழைய டயர்ச் செருப்பை வெட்டித் தைத்த உறை. முள் எடுக்க, கயிறு அறுக்க, கஞ்சிக்கு உள்ளி நறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். மழைக்காலத்தில் இன்னொரு பெரிய வேலையும் உண்டு. கரிசல் மண் ஈரத்தில் அப்பும், காய்ந்தால் கல்லாகிவிடும். குளம்பு இடுக்கில் ஏறி இறுகினால் ஆடு நொண்டும், கவனிக்காமல் விட்டால் புண் வைத்துவிடும். ஒவ்வொரு ஆடாகச் சாய்த்துப் பிடித்து, மண்ணை நெம்பி எடுத்து, வளர்ந்த குளம்பைச் சீவிவிட வேண்டும்.

மறுநாள் காலையில் குச்சுக்குப் பின்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"ஏட்டி... அந்தக் கத்தியக் கொஞ்சம் வெளிய தள்ளு. ஆடு நடக்க மாட்டேங்கு."

"அம்மா ஏசுவாய்யா..."

"அவ தண்ணிக்குப் போயிருக்கா."

எனக்குப் பயம். இரும்பு இல்லாமல் எப்படி இருப்பது? அவரே யோசித்திருப்பார் போல. ஓலைக்கு அடியில் ஒரு பழைய மாட்டு லாடம் உள்ளே வந்தது. "இதுவும் இரும்புதான். சாயங்காலம் வரைக்கும் இத வச்சுக்க."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். காலையில் லாடம் உள்ளே வரும், கத்தி வெளியே போகும். சாயங்காலம் துவைக்கிற கல்லில் மணலைத் தூவி அவர் கத்தியைத் தீட்டுகிற சத்தம் கேட்கும். கழுவித் துடைத்து, பிடி என் பக்கம் இருக்கிற மாதிரி உள்ளே தள்ளி, லாடத்தை வாங்கிக்கொள்வார்.

தள்ளிவிட்டு உடனே போகமாட்டார். ஓலைக்கு அந்தப் பக்கம் குத்தவைத்துப் பேசுவார்! செவலை ஆடு குட்டி போட்டது, மணியாச்சிப் பக்கம் மழை இறங்கியது, அவர் சின்ன வயசில் தனியாக ரயில் பார்க்க ஓடியது... முகம் தெரியாததால்தான் அவருக்கு அவ்வளவு பேச்சு வந்ததென்று நினைக்கிறேன். நான் சாயங்காலத்துக்காகக் காத்துக் கிடந்தேன்.

ஒரு நாள் குச்சுக்கு வெளியே மாமா பேசியது கேட்டது.

"எட்டாவதோட நிக்கட்டும்க்கா. ஒம்பதாவதுக்குக் கோயில்பட்டிக்கு பஸ்ஸுல யாரு அனுப்புவா? தீப்பெட்டி ஆபீஸ் வேன் வருதுல்லா, அதுல போகட்டும். அப்புறம் எம் மவனுக்கே கட்டிருவோம்."

அம்மா சரி என்றாள். ஐயாவின் செருமல் கேட்டது, அவரும் அங்கேதான் இருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் லாடம் உள்ளே வந்தது. நான் கத்தியைத் தள்ளவில்லை.

"ஏட்டி, நேரமாவுது."

"தர மாட்டேன். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடுவேன்னு சொல்லுங்க, தாரேன்."

வெளியே தூறல். அவர் நிற்பது ஓலை இடுக்கில் நிழலாகத் தெரிந்தது. ஏதாவது சொல்வார், ஏசவாவது செய்வார் என்று இருந்தேன். நடந்து போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலமும் வரவில்லை. என் படிப்பு முடிந்துவிட்டது என்று சத்தம் வராமல் அழுதேன்.

அடுத்த நாள் பொழுது இறங்குகிற நேரத்தில் வந்தார். கோயில்பட்டிக்குப் போய், கொல்லப்பட்டறையில் வேறு கத்தி வாங்கி வந்திருந்தார்.

"எனக்கு வேற வாங்கிட்டேன். அது ஒன்கிட்டயே இருக்கட்டும்."

அவர் எழுந்திருக்கும்போதுதான் மெதுவாகச் சொன்னார்.

"பஸ்ஸுல தனியால்ல போவ... பையில கெடக்கட்டும்."

கத்தியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாமாவிடம் அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமா கொஞ்ச நாள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஜூனில் நான் கோயில்பட்டி பஸ் ஏறினேன். பைக்குள், புத்தகங்களுக்கு அடியில் கத்தி கிடந்தது. பென்சில் சீவியதையும் மாங்காய் நறுக்கியதையும் தவிர அதற்கு வேறு வேலை வரவில்லை.

சடங்கு முடிந்து குச்சைப் பிரித்ததும் ஐயா பழையபடி ஆகிவிட்டார். எதிரே பார்த்தால் "சாப்ட்டியா" என்பார். அதற்குமேல் பேச்சு வராது. எனக்கும் வரவில்லை.

போன மாசம் என் மகள் பெரியவளானாள். குச்சும் இல்லை, இரும்பும் இல்லை. ரெண்டு நாள் லீவு, மூணாம் நாள் ஸ்கூல். அவளும் அவள் அப்பாவும் ஒரே சோபாவில் உட்கார்ந்து, எந்தக் காலேஜ், எந்த ஊர் என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கிறது.

ஐயா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ரயில் பார்க்க ஓடிய கதையை அவர் பாதியில் விட்டிருந்தார். மீதியை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம்... கேட்காமலே இருந்துவிட்டேன்.