இரண்டு சாட்சிகளில் ஒருவன்

தாவீது காஞ்சிபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் பியூன். அவன் கையெழுத்துக்கு ஒரே ஒரு இடத்தில்தான் மதிப்பு. நோட்டீசை வாங்க ஆள் இல்லையென்றால் கதவில் ஒட்டிவிட்டு, ஒட்டியதற்குச் சாட்சியாக இரண்டு பேர் அதன் நகலில் கையெழுத்துப் போட வேண்டும். பாதி நோட்டீசு எந்தக் கதவையும் பார்த்ததில்லை. ஆபீசு மரத்தடியில் டீ குடித்துக்கொண்டே தாவீதும் காவல்காரன் கலியனும் கையெழுத்தைப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். ஊர் உலகத்தில் நடக்காததா என்று தாவீது இருந்தான்.

எழுபத்தாறாம் வருஷம், எமர்ஜென்சி சமயம், அந்த ஆபீசு அதிகாரி நமச்சிவாயத்துக்குச் செவிலிமேட்டில் ஒரு மனைமேல் கண் விழுந்தது. அதில் கீரை விற்கும் பூவம்மாள் குடியிருந்தாள். புறம்போக்கு, பதினைந்து நாளில் காலி செய் என்று நோட்டீசு தயாரானது. அதற்கும் மரத்தடியிலேயே கையெழுத்து. பதினாறாம் நாள் வீட்டை இடித்தார்கள். பூவம்மாள் ஆபீசு வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"எந்தக் கதவுலபா ஒட்னீங்க? என் வூட்டுக்கு ஏதுபா கதவு? சாக்குதான தொங்கிச்சு!"

கலியன் சிரித்துவிட்டான். தாவீது உள்ளே போய்விட்டான்.

அந்த ஞாயிறு சர்ச்சில் வேதபாடம் வாசிக்கும் முறை அவனுடையது. வந்தது ஆகாப் ராஜா கதை. நாபோத்தின் தோட்டத்துக்கு ஆசைப்பட்டு, ராணி மூலமாக இரண்டு பொய்ச்சாட்சிகளை வைத்து அவனைக் கல்லெறிந்து கொன்று, தோட்டத்தைப் பிடுங்கிய கதை. ராஜாவுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், நாய் உன் இரத்தத்தை நக்கும் என்று தீர்க்கதரிசி வந்து சொல்கிறார். எப்படியோ வாசித்து முடித்தான். வெளியே வந்ததும் உபதேசியாரைப் பிடித்துக்கொண்டான்.

"ராஜா செத்தான், ராணியும் செத்தா. அந்த ரெண்டு சாட்சிங்க இன்னா ஆனாங்க அய்யா?"

"அது வேதத்துல சொல்லல தாவீது."

"சொல்லாம வுட்டாங்களா, இல்ல ஒண்ணுமே ஆவலையா?"

"உனுக்கு எதுக்குபா அந்தக் கவல?"



அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் குப்புற விழுந்தார்கள். நமச்சிவாயத்தின்மேலும் விசாரணை வந்தது. ஆகாபுக்கு நாள் வந்துவிட்டது என்றே தாவீது நினைத்தான்.

"ஒட்னோம்னு சொல்லிட்டு வாய மூடிக்கினு இரு," என்றான் கலியன். "ஒட்டலன்னு சொன்னா மொதல்ல உன் சீட்டுதான் கிழியும். நாலு பிள்ள வெச்சிக்கினு தெருவுல நிப்ப."

தாவீது விசாரணைக்குப் போய், ஒட்டவில்லை என்று சொன்னான்.

பொய்க் கையெழுத்துப் போட்டதற்காக அவன் வேலை போயிற்று. கலியன் யார் யார் காலிலோ விழுந்து தப்பித்துக்கொண்டான். கீழே இருப்பவர்களை நம்பி ஏமாந்தவர் என்று எழுதி, நமச்சிவாயத்தை வேறு ஊருக்கு மேல்பதவியில் அனுப்பினார்கள்.

பூவம்மாளிடமாவது சொல்லிவிடலாம் என்று தாவீது மார்க்கெட்டுக்குப் போனான்.

"நெசத்தச் சொல்லிட்டேன்க்கா."

கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "மனை வருதா?"

"இல்ல."

"அந்தாளு?"

"பெரிய பதவியில போய்ட்டாரு. எனுக்குத்தான் வேல போச்சு."

"ராஜாவுக்கெல்லாம் ராஜான்னு மைக் வெச்சு சொல்றீங்களே," என்றாள் பூவம்மாள். "உங்க சாமி கை பியூன் வரைக்கும்தான் எட்டுது போல."

மேலே இருக்கிறவர் நியாயம் செய்வார் என்பதில் தாவீதுக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. எப்போது என்று அவளுக்குச் சொல்லத்தான் தெரியவில்லை. கீரைக்கு முன்னாலேயே குந்தியிருந்தான்.

"தள்ளிக் குந்துபா," என்றாள் அவள். "வியாபாரத்த மறைக்காத."