முறுக்கு சுட்ட எண்ணெய்

மும்பையில் எங்கள் செம்பூர் அடுக்குமாடி சொஸைட்டிக்கு ஒரு செயின் ரம்பம் வாங்கியபோது, அதற்கு எந்த எண்ணெய் ஊற்றுவது என்று முடிவு செய்யும் பொறுப்பை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை. நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். ரிடையரான மனிதனுக்கு வேறு வேலை இல்லை. தவிர, ஆபீஸில் மற்றவர்கள் எழுதிய குறிப்புகளில் பிழை கண்டுபிடித்தே காலம் தள்ளியவன் நான். எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

ரம்பம் வந்த கதை சின்னது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். ஒவ்வொரு மழைக்கும் ஒரு கிளையாவது முறிந்து வழியை அடைக்கும். முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து எடுக்க இரண்டு நாள் ஆகும். விழுந்ததை நாமே அறுத்துப் போட்டுவிடலாம் என்று பெட்ரோலில் ஓடும் கை ரம்பம் ஒன்றை வாங்கினோம். எங்கள் வாட்ச்மேன் அதை ஓட்டக் கற்றுக்கொண்டார்.

எஞ்சினுக்கு ஆயில் கலந்த பெட்ரோல் போதும். ஆனால் நீளமான இரும்புப் பட்டையைச் சுற்றிச் சங்கிலி ஓடுகிறதே, அது உராய்ந்து சூடேறாமல் இருக்கத் தனியாக ஓர் எண்ணெய் வேண்டும். அது சங்கிலியோடு சுற்றி, தெறித்து, கடைசியில் மரத்திலும் மண்ணிலும் போய்ச் சேரும். ஸ்டேஷன் பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் சிவப்பாக ஓர் எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவே தொட்டுப் பிரித்துக் காட்டினார். நூல் நூலாக இழுபட்டது. இதுதான் சங்கிலியில் ஒட்டி நிற்கும், இது கிடைக்காவிட்டால் புது எஞ்சின் ஆயிலாவது ஊற்றுங்கள் என்றார்.

நான் வாங்கவில்லை. குழந்தைகள் விளையாடும் மண்ணில் இந்தக் கண்றாவி தெறிக்கலாமா என்று அவருக்கே ஒரு பிரசங்கம் செய்துவிட்டு வந்தேன். வெளிநாடுகளில் தாவர எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று போனில் படித்திருந்தேன். படித்தது பொய்யில்லை. ஆனால் மேல்பாதியோடு நிறுத்திவிட்டேன். அந்த எண்ணெய் கெட்டியாகாமல் இருக்க ஏதோ சேர்க்கிறார்கள், அப்படியும் வேலை முடிந்ததும் துடைத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் கீழ்ப்பாதியில் இருந்தது. அதைப் பிறகு படித்தேன்.

வீட்டிலோ, மகளின் சீமந்தத்துக்கு முறுக்கும் தட்டையும் சுட்டது போக மூன்று லிட்டர் சன்ஃபிளவர் எண்ணெய் மிச்சம். "ஏன்னா, இதை எங்கே கொண்டு கொட்டறது?" என்று மனைவி இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி ஒரு கேனில் நிரப்பினேன். மண்ணுக்கும் கெடுதல் இல்லை, எண்ணெயும் வீணாகவில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மா எட்டிப் பார்த்தார். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் வேலை செய்பவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியிலிருந்து பஸ்ஸில் வருவார்.

"என்ன சார், பலகாரம் போடப் போறியளா?"

மெஷினுக்கு என்றேன்.

"மிஷினுக்கா? பிசுக்கு ஏறிரும் சார். உங்க வீட்டு எண்ணெய் டப்பாவத் தேய்க்கதுக்குள்ள எனக்குக் கை விட்டுப் போவுது."

"அது அலமாரில சும்மா நிக்கற டப்பா. இது ஓடற மெஷின். ஓடறதுல எப்படிப் பிசுக்கு பிடிக்கும்?"

அவர் சிரித்துவிட்டுக் குழாயைத் திறந்தார். சரியான பதில் சொன்னோம் என்று அன்று பூரா எனக்குத் திருப்தி. அந்த மெஷின் வருஷத்தில் முக்கால்வாசி நாள் சும்மாதான் நிற்கப்போகிறது என்பது உறைக்கவில்லை. ஒரு நாளாவது எண்ணெய்ப் பாத்திரம் தேய்த்திருந்தால் உறைத்திருக்கும்.

மார்ச்சில் அனுமதி வாங்கிக் காய்ந்த கிளைகளை அறுத்தோம். ரம்பம் சர்ரென்று ஓடியது. கீழே நின்றவர்களுக்கெல்லாம் முறுக்கு வாசனை. பசிக்கிறது அங்கிள் என்று கேலி செய்தார்கள், கை தட்டினார்கள். செகரெட்டரி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். ரம்பத்தை அப்படியே மீட்டர் ரூமில் வைத்துப் பூட்டினோம். மே மாதம் அந்த அறை அடுப்படியாகக் கொதிக்கும்.

ஜூலையில் ஒரு நாள் விடியும்போதே பேய் மழை. ஒன்பது மணிக்கு அந்த அம்மா குடையோடு கேட்டுக்குள் நுழைந்த நேரம், தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து விழுந்தது. தலை தப்பியது. இடது கால் மட்டும் கணுக்காலுக்குக் கீழே கிளைக்கும் சிமெண்ட் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எட்டுப் பேர் சேர்ந்து தூக்கியும் கிளை அசையவில்லை. வாட்ச்மேன் ஓடிப்போய் ரம்பத்தை எடுத்து வந்தார். இரண்டு இடத்தில் அறுத்தால் போதும். பத்து நிமிஷ வேலை.

எஞ்சின் கிளம்பியது. சங்கிலி நகரவில்லை. முடுக்கினார், புகை வந்து நின்றுபோனது. மறுபடி இழுத்தார், மறுபடி புகை. "சேன் ஜாம் ஹை, சாப்" என்றார், சங்கிலி இறுகிவிட்டதாம். நான் குனிந்து சங்கிலியில் விரல் வைத்தேன். பட்டைக்கும் சங்கிலிக்கும் நடுவே பழுப்பாக ஏதோ, ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். எனக்குத் தெரிந்துவிட்டது, நான் சொல்லவில்லை. இது என் எண்ணெய், பிசுக்காகிவிட்டது, பெட்ரோலை ஊற்றித் தேய்த்து விடுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். பெட்ரோல் கேன் வாட்ச்மேனின் காலடியில் இருந்தது. பிசுக்கு இளகியிருக்கலாம், இளகாமலும் போயிருக்கலாம். முயன்று பார்த்திருக்க வேண்டும். சுற்றிலும் இருபது பேர், பாதிப் பேர் மார்ச்சில் எனக்குக் கை தட்டியவர்கள். மெஷினே மட்டமான சரக்கு என்று ஒருவர் சொன்னார். ஆமாம் என்றேன். மாதம் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பதற்கென்ன என்று செகரெட்டரி வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினார். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. யாரோ தீயணைப்புப் படைக்குப் போன் போட்டார்கள்.

ரம்பத்தின் பக்கத்தில் என்னால் நிற்க முடியவில்லை. போய் அந்த அம்மாவின் பக்கத்தில், மழைத் தண்ணீரில் உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "இதோ வந்துடுவா, இதோ வந்துடுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வழியில் கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர், ஊரெங்கும் மரம் விழுந்திருந்தது. தீயணைப்பு வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவர்களுடைய ரம்பம் ஐந்து நிமிஷத்தில் அறுத்து முடித்தது.

பாதத்தை எடுக்க வேண்டி வரவில்லை. ஆனால் அதில் உணர்ச்சி இல்லை, இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். இவ்வளவு நேரம் நசுங்கிக் கிடந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரிக்கு ஓடி ஓடிப் போனேன். தங்கமான மனுஷர் என்று பில்டிங்கில் பேசிக்கொண்டார்கள். ரம்பத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டதும் நான்தான். யாரும் அந்தச் சங்கிலியை உற்றுப் பார்த்துவிடக் கூடாதே என்ற பயம். வெட்கக்கேடு.

போன மாதம் அந்த அம்மா மருமகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இனி நின்று வேலை செய்ய முடியாது, மருமகளை அனுப்புகிறேன் என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன்.

"அன்னிக்கு அந்த ரம்பம் ஓடாததுக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"அத விடுங்க சார்" என்று கையமர்த்திவிட்டு அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, இந்த சாரை நல்லாப் பாத்துக்கோ. அன்னைக்கு அத்தன பேரும் மிஷினச் சுத்தித்தான் நின்னாவ. இவரு ஒருத்தருதான் அத விட்டுட்டு எங்கிட்ட வந்து உக்காந்தாரு."

அந்தப் பெண் எழுந்து கும்பிட்டாள். நானும் கும்பிட்டுவிட்டு, பாத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டப் போனேன்.